கண்ணுக்குக் கீழே ஒரு குத்து

கேள்வி: பக்கத்து விளைக்காரர் எங்கள் பனைவிளைக்குள் இரண்டு முழம் தள்ளி வேலி போட்டுவிட்டார். இருவரும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம். நியாயம் கேட்டு ஐந்து வருடமாக ஜெபத்தில் ஆண்டவரை அலட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் இன்னும் தீர்ப்பு வரவில்லை?
– ஒரு வாசகர், இடையன்குடி

பதில்: அண்ணாச்சி, நிலம் கிடக்கட்டும். 'அலட்டி' என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களுக்கு ஓராண்டுச் சந்தாவைத் தள்ளுபடி செய்யலாம். (மேலாளர் சம்மதிக்கமாட்டார்.) இன்று அலட்டல் என்றால் புதுச் சட்டை போட்டவனின் மிதப்பு. வேதாகமத்தில் லூக்கா 18-ஆம் அதிகாரக் கதையில் வரும் விதவை அந்த ரகமல்ல. தேவனுக்குப் பயப்படாத, மனிதரை மதிக்காத நியாயாதிபதியின் வாசலுக்கு நடையாய் நடந்தவள். இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி நியாயம் செய்து தொலைப்போம் என்று முடிவெடுக்கிறார் அவர். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது குத்துச்சண்டைக்காரர்களின் சொல்: கண்ணுக்குக் கீழே குத்துவது! சட்டத்துக்கு அஞ்சாத மனிதர், முகம் வீங்கிவிடும் என்று அஞ்சியிருக்கிறார். தாலுகா ஆபீஸ் படியில் இடுப்பில் கைவைத்து நிற்கும் எங்கள் ஊர் ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இதைப் போய் 'தொந்தரவு' என்று மாற்றினால்தான் இளைஞர்களுக்குப் புரியும் என்கிறார் ஒரு நண்பர். ஜெபமா, செபமா என்று என்னோடு வருடக்கணக்காகக் கடிதச் சண்டை போடுகிறவரும் அவரே. கத்தோலிக்கர் செபம் என்று எழுதட்டும், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரர் ஜெபம் என்று எழுதட்டும். முழங்கால் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. இந்த விவாதம் இத்துடன் முடிந்தது. (நான்காவது முறையாக அறிவிக்கிறேன்.)

எங்கே விட்டேன்? ஐந்து வருடம். மிஷனரி கால்டுவெல் உங்கள் ஊருக்கு வந்தது 1841-இல். அவர் கட்டிய கோயில் பிரதிஷ்டையானது 1880-இல். அந்தக் கோயிலில் உட்கார்ந்துகொண்டா அவசரப்படுகிறீர்கள்?

இன்னொன்று. அந்த விதவை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை. நியாயாதிபதியைத் தேடிப் போனாள். சர்வேயரை அழைத்து, புலப்படத்தை விரித்து எல்லையை அளந்தீர்களா? ஐந்து வருடத்தில் அதைச் செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்பது இரண்டு முழமா, அல்லது 109-ஆம் சங்கீதத்துக்காரர் கேட்டதுபோல எதிராளியின் ஆயுசையும் உத்தியோகத்தையும் சேர்த்தா? அப்படிக் கேட்டாலும் தப்பென்று சொல்லமாட்டேன், வேதத்திலேயே இருக்கிறது. ஆனால் நீதியுள்ளவன்மேலும் அநீதியுள்ளவன்மேலும் ஒரே மழையைப் பெய்யவிடுகிறவரிடம் அல்லவா மனு கொடுத்திருக்கிறீர்கள்? உங்கள் செம்மணல் தேரிக்காட்டில் அந்த மழையே அபூர்வம். வந்தாலும் வேலி பார்த்துப் பெய்வதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து விளைக்காரரின் ஜெபக் குறிப்பை நைசாக விசாரித்துப் பாருங்கள். அதில் எதிராளி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடவும்.