நோன்பில் உட்காரலாமா?

அன்புள்ள அக்கா,

நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். வயது 24, சென்னையில் வேலை. இரண்டு வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஹாஸ்டலும் செல்போனும்தான் என்னைக் கெடுத்ததாம். ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்தார். இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சின்ன வயதிலிருந்து, பெண்கள் மட்டும் கூடிக் கும்பிடும் ஔவையார் நோன்பில் உட்காருகிறவள் நான். இந்த முறை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சென்னைத் தோழிகளோ, ‘உன்னை ஏற்காத சாமி உனக்கெதற்கு?’ என்கிறார்கள். நான் எதை விடுவது?

- பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

எதையும் விட வேண்டாம். அம்மாவும் தோழிகளும் எதிரெதிரே நின்றாலும் சொல்வது ஒன்றைத்தான்: சாமியும் உன் காதலும் ஒன்றாக இருக்க முடியாது என்று. நான் அதை நம்பவில்லை.

யார்மேல் ஆசை வரும் என்பதை ஹாஸ்டல் தீர்மானிப்பதில்லை. ஆனால் வந்த ஆசையைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்படுகிறாளா, பயந்து நடுங்குகிறாளா என்பதில் வளர்ந்த வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரியவளானதும் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, பட்டுச்சேலை கட்டி உட்கார வைக்கும்போதே ‘நீ இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்’ என்பது மனதில் விழுந்துவிடுகிறது. தன் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே அப்போது தெரியாது. பின்னால் தெரியவரும்போது குற்றவுணர்ச்சிதான் முந்திக்கொள்கிறது. நோன்பிலிருந்து உன்னை எழுப்பிவிட்டதும் அதுதான்.

அந்த நோன்பையே எடுத்துக்கொள். ‘அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி’ என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி பெண்கள் மட்டும் கூடுகிறோம். ஆண் வாடையே கூடாது, சிறு பையன்களுக்குக்கூட இடமில்லை. பச்சரிசி மாவில் உப்புப் போடாமல் விதவிதமாகக் கொழுக்கட்டை பிடித்து, அவித்து, கதை கேட்டு, விடிவதற்குள் தின்று தீர்க்கிறோம். கன்னிப்பெண்கள் நல்ல புருஷன் வேண்டுமென்று கும்பிடுவார்கள். யாரிடம்? கல்யாணமே வேண்டாமென்று பிள்ளையாரிடம் அழுது, இளமையைக் கொடுத்துக் கிழவியாக மாறியவள் என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே ஔவையிடம்! அவள் உன்னைப்போல ஒரு பெண்ணை நேசித்தாள் என்று நான் சொல்ல வரவில்லை; கதையில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஊர் போட்ட வழியில் போகாத ஒருத்தியை நம் பெண்கள் தள்ளிவைக்கவில்லை, சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள். அவள் முன்னால் உட்கார உனக்கு முழுத் தகுதி உண்டு.

மாத்திரை விஷயம் படித்தபோது எனக்குக் கோபமாக வந்தது. இது நோயே இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சிகிச்சை செய்கிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கும் இந்த விஷயத்தில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பெழுதினார். அம்மாவிடம் இதைச் சொல். அவ்வளவு படித்தவரே புதிதாகக் கற்றுக்கொள்ளும்போது, அம்மாவுக்கும் கொஞ்சம் காலம் கொடுக்கலாம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்துவிட்டது. அந்த டாக்டரிடம் இனிப் போகாதே. அவர் தந்தது என்ன மாத்திரை என்று நல்ல மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்து.

சட்டம் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. 2018 செப்டம்பரிலேயே உன் காதல் குற்றமில்லை என்றாகிவிட்டது. ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. அப்புறம் 2025 மே மாதம், உன்னைப்போல ஒரு பெண்ணை நேசித்து, வீட்டார் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருத்தியைச் சென்னை உயர் நீதிமன்றம் அவள் விருப்பப்படி போகவிட்டது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்றும் சொன்னது.

சரி, மாப்பிள்ளை விஷயம். இதில் மட்டும் கண்டிப்பாக இரு. அம்மாவின் அழுகைக்காகச் சம்மதித்தால் உன்னோடு சேர்த்து ஒன்றும் தெரியாத ஒருவரின் வாழ்க்கையும் பாழாகும். நிச்சயதார்த்தம் வரை போகவிடாதே, இப்போதே வேண்டாமென்று சொல். சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் சென்னையில் உன் கையில் இருக்கட்டும். ஊருக்குத் தனியாகப் போகிறாய் என்றால், எப்போது திரும்புவாய் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா