மரத்தில் மின்னல் வடிவம்: ரப்பர் கையுறை போட்டால் போதுமா?

கேள்வி: பழைய மைக்ரோவேவ் அவனிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வைத்திருக்கிறேன். பலகையில் சமையல் சோடாக் கரைசலைத் தடவி, இரண்டு ஆணிகளில் அதன் வயர்களை மாட்டி, மின்னல் கிளைத்தது போன்ற வடிவத்தை எரித்து எடுப்பதை வீடியோக்களில் பார்த்தேன். எனக்கும் செய்ய ஆசை. தடித்த ரப்பர் கையுறை, ரப்பர் செருப்பு, காலால் அழுத்தும் சுவிட்ச் எல்லாம் தயார். மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஈஎல்சிபியும் வீட்டில் இருக்கிறது. இன்னும் என்ன பாதுகாப்பு வேண்டும்?

பதில்: இந்த வேலையைச் செய்யாதீர்கள். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லாம் வீட்டு மின்சாரத்துக்கானது. மேஜைமேல் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அவை ஒவ்வொன்றையும் தாண்டிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஈஎல்சிபி. உங்களுக்கு அதிகத் தைரியம் தருவது அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். சுமார் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ட்ரிப் ஆகும். டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்கள் உண்டு. வீட்டு மின்சாரம் முதல் சுருளோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது சுருளில் பிறக்கும் மின்சாரத்துக்கு அந்தச் சுருள்தான் வீடு. அங்கிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும். வழியில் உங்கள் உடம்பு இருந்தாலும், முதல் சுருள் பக்கத்தில் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். ஈஎல்சிபிக்கு எதுவுமே தெரியாது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் எம்சிபியும் அப்படித்தான். அது விழப் பத்துப் பதினைந்து ஆம்பியராவது வேண்டும். ஒருவர் உயிருக்குத் துடிக்கும்போது அதன் கணக்கில் ஒரு மைக்ரோவேவ் அவன் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கரண்டின் அளவு. வீட்டு மின்சாரம் நாட்டைப் பொறுத்து 120 அல்லது 230 வோல்ட். இந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது 2000 வோல்ட்டுக்குப் பக்கம், அதுவும் அரை ஆம்பியர், அதற்கு மேலும் தரும் பலத்தோடு. பத்து இருபது மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே விரல்கள் இறுகிவிடும்; பிடித்ததை விட முடியாது. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் மார்பைக் கடந்தால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அரை ஆம்பியர் என்பது 500 மில்லி ஆம்பியர். சாதாரண ஷாக்கில் காய்ந்த தோல் ஓரளவு தடுத்து நிற்கும். 2000 வோல்ட்டில் அந்தத் தோலே துளைபட்டுப்போகும். "முன்னாடி ஷாக் அடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்ற அனுபவம் இங்கே உதவாது.

கையுறைக்கு வருவோம். வீட்டு வேலைக்கான ரப்பர் கையுறையை இந்த வோல்ட்டேஜுக்குச் சோதித்து விற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று போதும். வெளியே சோடாக் கரைசல், உள்ளே வியர்வை, இரண்டும் மின்சாரத்துக்கு நல்ல பாதை. மின்துறை ஆட்கள் போடும் கையுறைகளுக்குத் தரவகை உண்டு. 0 வகை 1000 வோல்ட் வரை, 1 வகை 7500 வோல்ட் வரை. சரி, அதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். முழங்கை? ஈரமான மேஜை விளிம்பில் சாய்ந்திருக்கும் இடுப்பு? போதாததற்கு, இந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் இரண்டாவது சுருளின் ஒரு முனையை இரும்புச் சட்டத்தோடுதான் இணைத்திருப்பார்கள். ஆக, அந்தச் சட்டமே ஒரு வயர் மாதிரி.

வேலை நடக்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். ஆணிகளைச் சுற்றி ஈரம் சீறும், வெள்ளைப் புகை எழும். அப்புறம் மயிரிழை போல ஒரு கரிக்கோடு கிளம்பும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் கோட்டின் நுனிதான் இப்போது ஆணியின் வேலையைச் செய்கிறது. அங்கே சிவப்புப் பொறி மினுங்கிக்கொண்டே முன்னேறும். திடீரென்று நடுவழியில் நின்றுவிடும். ஈரம் காய்ந்துபோயிருக்கும். இன்னும் ரெண்டு சொட்டுக் கரைசல் விடலாம், ஆணியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று கை தானாக நீளும். சுவிட்சிலிருந்து காலை எடுத்துவிட்டோம் என்ற நினைப்பு இருக்கும், எடுத்திருக்க மாட்டோம். ஷாக்கில் கால் தசையும் இறுகலாம், கால் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்கலாம். விலகினாலும், இதயத்தின் தாளம் கெட ஒரு நொடிகூட வேண்டியதில்லை.

இந்தக் கிளை வடிவத்தை 1777-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் தூசுப் படலத்தில் கண்டார். அவர் பெயரில்தான் லிக்டன்பெர்க் உருவம் என்கிறார்கள். அழகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரக்கடைசல்காரர்களின் அமெரிக்கச் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்தச் செய்முறைக்குத் தடை போட்டிருக்கிறது. தன் இதழ்களிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. அவர்கள் திரட்டிய பட்டியலில் 30-க்கும் மேற்பட்ட மரணங்கள். கூர்மையான உளியையும் சுழலும் கட்டையையும் தினமும் கையாள்பவர்கள், இதை மட்டும் வேண்டாம் என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இதைச் செய்கிறார் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் விழுந்துவிட்டால் தொடாதீர்கள். குச்சியால் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், இல்லையென்றால் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்குங்கள். உடனே அவசர உதவியை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு, ஆள் வரும்வரை அழுத்துங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். வெளியே சின்னக் கொப்புளம்தான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வடிவம்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. மரத்தில் சூடு வைத்து வரையும் பேனாவால் கிளை கிளையாக வரையலாம்; நல்ல பேனாக்களின் முனையில் சில வோல்ட்தான் இருக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கோடு எங்கே போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இன்னொன்று நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு). அதைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய தூரிகையால் கிளைகளை வரைந்து, காயவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் வரைந்த இடம் மட்டும் கறுத்து வரும். எரிச்சலூட்டும் புகை வரும், அதனால் திறந்தவெளியில் செய்யுங்கள். முதலில் ஒரு துண்டுக்கட்டையில் பழகிப் பாருங்கள். கரைசல் நார் வழியே ஓடிக் கோடு தடிக்கும், தூரிகையை எவ்வளவு நனைப்பது என்பது நாலைந்து முறையில் பிடிபட்டுவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரின் வயர்களை வெட்டிவிட்டுப் பழைய இரும்போடு போட்டுவிடுங்கள். மைக்ரோவேவ் அவனின் மிச்சப் பகுதி இன்னும் உங்களிடம் இருந்தால் அதற்குள் கை விடாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். மைக்ரோவேவ் பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.