பதில்: ஸ்லோ குக்கர்ல மாட்டுக்கறி ரப்பராட்டம் இருக்குதுங்க

1 கிலோ கறிக்கு 5 டம்ளர் தண்ணி, 'ஹை'யில (அதிக சூட்டுல) 3 மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. ஸ்லோ குக்கர் கரண்டுல மெதுவா வேக வைக்கற பாத்திரம், அது மேல தப்பில்லீங்க. அதுல தண்ணி சுண்டாது, கறியே தண்ணி விடும். 1 டம்ளர் போதும். தொடைக்கறி வேண்டாம், கால் சதையா கேட்டு வாங்குங்க. அதுல இருக்கற வெள்ளை ஜவ்வு கரையத்தான் 'லோ'வுல (குறைஞ்ச சூட்டுல) 8 மணி நேரம். கரைஞ்சா குழம்பு உதட்டுல ஒட்டும் பாருங்க!

முதல்ல கடலை எண்ணெயில கறியச் செவக்க வதக்கி, சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி வறுத்தரைச்சு ஊத்துங்க. உருளைக்கிழங்கு அடியில, கறி மேல. இதுல கிழங்கு வேகத்தான் நேரமாகும். தேங்காய் கடைசி அரை மணிக்கு.

நடுவுல மூடியத் தொறக்காதீங்க, சூடு போயிரும். எங்கூட்டுல அம்மாகூட எனக்கு இதுலதான் சண்டை.

இப்ப இருக்கறதக் கொட்டிராதீங்க, பிரஷர் குக்கர்ல நாலு விசில் விடுங்க.