புதன்கிழமைக் கூட்டத்தில் ஆள் குறைகிறது, என்ன செய்வது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் புதன்கிழமைதோறும் முதியோர் சந்திப்பு நடத்துகிறோம். தொடக்கத்தில் 40 பேர் வந்தார்கள், இப்போது 11 பேர்தான். பேச்சாளர்களை அழைத்தும் பலனில்லை. ஒரு நிறுவனம் இலவச ரத்தப் பரிசோதனையும் தேநீரும் தருவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– பணி ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: வேண்டாம் அம்மா. கூட்டம் சேரும், ஆனால் அது உங்கள் கூட்டமாக இருக்காது.

பேச்சாளரில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. 70 வயதுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவது சர்க்கரை நோய் பற்றி நாற்பது நிமிடம் கேட்க அல்ல. அதை கிளினிக்கில் மாதாமாதம் கேட்கிறார். தன்னைப் பேசவிடுவார்கள் என்றால் வருவார். நான் உதவிய ஒரு குழுவில் 1971 ஜனவரி வெள்ளத்தைப் பேச்சுக்கு வைத்தோம். தண்ணீர் இடுப்பளவு என்றார் ஒருவர். "என்னண்ணே, நெஞ்சு வரைக்கும்" என்று எழுந்து நின்று காட்டினார் இன்னொருவர். தேநீர் ஆறிப்போனது. அடுத்த வாரம் இடுப்புக்காரர் தன் தம்பியைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். அப்படித்தான் ஆள் கூடும்.

இன்னொரு வாரம் கைப்பேசியைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மைகாட் என்ற அடையாள அட்டையைக் காட்டி மானியப் பெட்ரோல், அதே மைகாட்டில் அடிப்படைப் பொருள் வாங்க சாரா உதவித்தொகை, மீதியெல்லாம் செயலியில். எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிட்டார்கள், சொல்லித்தர ஆளில்லை. ஒரு முகப்பிடத்தில் 74 வயது அம்மாவிடம் "ஆன்லைனில் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன். உங்கள் தாமானில் படிவம் ஆறு படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் போதும், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்.

இப்போது அந்த நிறுவனம். முதல் வாரம் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், இரண்டாம் வாரம் "ஐயா, உங்கள் ரத்தம் கெட்டி", மூன்றாம் வாரம் காந்த மெத்தை, தவணையில். இதை எத்தனை மண்டபங்களில் பார்த்துவிட்டேன்! மாத்திரை, பொடி எதுவானாலும் டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். சத்து மாத்திரை என்றால் அந்த எண் 'என்' (N) எழுத்தில் முடியும், பாரம்பரிய மருந்து என்றால் 'டி' (T). கேட்டால் "இது உணவு, எண் தேவையில்லை" என்பார்கள். உணவுக்கு ஏன் நோய் தீரும் என்கிறீர்கள் என்று கேளுங்கள்.

தேநீர் முடிந்ததும் "மாதம் 5 விழுக்காடு லாபம்" என்று காதோடு சொல்பவர் இன்னும் மோசம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டாலும் வேண்டாம். யாராவது ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பார்கள். மறைக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஆக, கூட்டத்தில் விற்பனையே கூடாது. ஒரே விதிவிலக்கு, உறுப்பினர் தன் கையால் சுட்ட முறுக்கு. அதற்கும் நிபந்தனை உண்டு. அவர் சுட்டதாக இருக்க வேண்டும், மருமகளின் கடைச் சரக்காக இருக்கக் கூடாது. கூட்டம் முடிந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். வாங்காதவரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் முன்பதிவு எழுதிக்கொள்ளலாம். இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், முறுக்கில் தொடங்கி நீர் வடிகட்டியில் முடிந்த குழுக்கள் எனக்குத் தெரியும்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. ஏழு பேரும் அதற்கு மேலும் சேர்ந்து சங்கமாக இயங்கினால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் பொருந்தும். பதிவு பெற்ற கோயில் சங்கத்தின் பிரிவாக இருந்தால் எளிது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் ஆசாமியைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

அப்புறம், வராத 29 பேருக்கும் நீங்களே போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே தொலைந்துவிடும். அலுத்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பலர் சொல்லக் கூசுவது வேறு: மாடிப்படி, போக்குவரத்து, கழிவறை. மண்டபத்துக் கழிவறைச் சாவி புதன்கிழமை காலையில் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.