குத்துச்சண்டையில் தோற்றவர்கள் பெல்ட்டை எறிவதும் அழுவதும் விளையாட்டுப் பண்புக்கு இழுக்கா?

நான் தருமபுரிக்காரன். பள்ளியிலும் கல்லூரியிலுமாக ஐந்து ஆண்டுகள் கையுறை மாட்டியவன். தொழில்முறைப் போட்டி எதிலும் ஏறியதில்லை. ஆனால் தோற்றுவிட்டுக் கேவலமாக நடந்துகொண்ட அனுபவம் கைவசம் இருக்கிறது. அந்தத் தகுதியில்தான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

கேட்டவர் மனத்தில் இருப்பது அநேகமாக பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் ஆந்தனி ஜோஷுவா. 2022 ஆகஸ்ட் 20, ஜித்தா. உக்ரைனின் ஒலெக்ஸாண்டர் உசிக்கிடம் அவர் இரண்டாவது முறையும் தோற்றார். மதிப்பெண் போட்ட மூவரில் ஒருவர் ஜோஷுவாதான் வென்றார் என்று எழுதியிருந்தார். முடிவை அறிவித்ததும் வென்றவருக்குரிய பட்டப் பெல்ட்டுகளில் இரண்டை எடுத்து ரிங்குக்கு வெளியே போட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். திரும்பி வந்து மைக்கை வாங்கிக் கோர்வையில்லாமல் பேசித் தீர்த்தார். பிறகு செய்தியாளர்கள் முன்னால் உடைந்து அழுதார்.

பெல்ட்டை எறிந்தது தவறு. அவை அப்போது உசிக்கின் உடைமை. மற்றதற்கெல்லாம் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. 12 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம். 36 நிமிடம் தலையிலும் விலாவிலும் அடி வாங்கிய ஒருவனிடம் மைக் போய்ச் சேரும்படி விட்டுவிட்டு, அவன் பேச்சில் பண்பைத் தேடுகிறோம். வேறு எந்த வேலையிலாவது ஒரு மனிதனை அந்த நிலையில் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பார்களா?

என் கதைக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு தேர்வுப் போட்டி. மூன்றாவது சுற்று முடிந்தபோது நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். நடுவர் அடுத்தவன் கையைத் தூக்கினார். தலைக்கவசத்தைக் கழற்றி வீசினேன். அது மேசைமேல் விழுந்து தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, மதிப்பெண் தாள்களை நனைத்தது. அந்தப் பையன் கை கொடுக்க வந்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் திட்டவில்லை. சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "கட்டுப் பிரித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதே" என்றார். கையுறைக்குள் சுற்றும் துணி ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளம். வியர்வையில் ஊறி விரலிடுக்குகளில் ஒட்டிப்போயிருக்கும். வழக்கமாக நானே பல்லால் கடித்து இழுத்துப் பிரிப்பவன். அன்று அவர் பிரித்தார், சுற்றுச் சுற்றாக, பிரித்த துணியைத் தன் தொடைமேல் சுருட்டிக்கொண்டே. வலது கை முடியும் முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும் என்று விட்டார். இடது கட்டை விரலில் இருந்த கடைசி வளையத்தைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "மார்க் போட்டது அந்தப் பையனா?"

இன்றுவரை எந்தக் குத்துச்சண்டைக் கலாட்டாவைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் சரிதா தேவி அரையிறுதியில் தோற்றதாக அறிவித்தார்கள். பார்த்தவர்கள் கொதித்தார்கள், நானும்தான். ஆனால் பதக்க மேடையில் அவர் அழுதுகொண்டே வெண்கலத்தைக் கொண்டுபோய், தன்னை வென்ற தென்கொரியாவின் பார்க் ஜினாவின் கழுத்தில் போட்டார். கோபம் நியாயமானது, போய்ச் சேர்ந்த கழுத்துதான் தவறு. மதிப்பெண் போட்டது பார்க் அல்ல. சரிதாவுக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள். 2017இல் அவர் தொழில்முறைக்கும் வந்தார்.

மைக் டைசனுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. 1997 ஜூன் 28, லாஸ் வேகாஸில் எதிராளி ஹோலிஃபீல்டின் தலை இடித்து டைசனின் புருவம் கிழிந்தது. நடுவர் மில்ஸ் லேன் அதைத் தற்செயல் என்று விட்டுவிட்டார். டைசனின் ஆத்திரம் நடுவர்மேல். பல் பதிந்தது ஹோலிஃபீல்டின் காதில், அதுவும் இரண்டு முறை. தகுதிநீக்கம், 30 லட்சம் டாலர் அபராதம், உரிமமும் பறிபோனது. இதைச் 'சூட்டில் நடந்துவிட்டது' என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒருமுறை கடித்தது சூடு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது?

இதே ஊரில், இதே நடுவர் முன்னிலையில், அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. லெனாக்ஸ் லூயிஸோடு மோதிக்கொண்டிருந்த ஆலிவர் மெக்கால் திடீரென்று கைகளைத் தொங்கவிட்டு ரிங்குக்குள் நடக்க ஆரம்பித்தார். இடைவேளையில் தன் மூலைக்குக்கூடப் போக மறுத்தார். அழுதார். போதைப் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர் அவர். 1994இல் இதே லூயிஸை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தியவரும் அவர்தான். லேன் ஐந்தாவது சுற்றில் ஆட்டத்தை நிறுத்தினார். மக்கள் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. அந்த அழுகை யாரையும் காயப்படுத்தவில்லை. அந்த நிலையில் இருந்தவரை ரிங்கில் ஏற்றியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ரிங்கின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர்களுக்கும் அடி விழுவது உண்டு. 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியிடம் டியோன்டே வைல்டர் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, ஏழாவது சுற்றில் அவருடைய பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். வைல்டரின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டதற்குப் பரிசாக பிரீலண்டின் வேலை போயிற்று. மார்க் போட்டது அவரும் இல்லை, குத்தியது அவரும் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு மாஸ்டர் நினைவுதான் வந்தது.

போட்டியன்று மாலை தருமபுரி பஸ்ஸில் ஏறினால், நடுவில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். காவேரிப்பட்டணத்துக்காரனாம். இடது கண் பாதி மூடியிருந்தது. குளிர்ந்த மோர்ப் பாக்கெட்டை அதன்மேல் அழுத்திப் பிடித்திருந்தான். அது என் குத்து. பஸ்ஸில் வேறு இடமும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுங்கச்சாவடி தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. அவன் ஊர் நெருங்கி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் ஒருவழியாக நான் கையை நீட்டினேன்.

அவன் மோர்ப் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையைக் கொடுத்தான். "தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா, வலது கையை மடக்க முடியவில்லை" என்றான். என் தாடையில் பட்டு வீங்கிய கை.