கூட்டத்தில் மவுனம், தனியறையில் ஆறுதலா?

கேள்வி: ஒன்றரை வருடம் எங்கள் டீம் உழைத்த ப்ராஜெக்ட், பயன்பாட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே படுத்துவிட்டது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார். ரிவ்யூ மீட்டிங்கில் "டெஸ்டிங் யார் பார்த்தது?" என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் டீமுக்குப் புதிதாக வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். டெஸ்டிங்குக்கு ஒதுக்கியிருந்த ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்தது மேனேஜரும் டீம் லீடான நானும்தான். நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெண் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. நான் உள்ளே வந்தாலே மற்றவர்கள் பேச்சும் நின்றுவிடுகிறது. இந்தச் சங்கடத்தை எப்படிப் போக்குவது? அவரைத் தனியே அழைத்து ஆறுதல் சொல்லலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பழி விழுந்தது அவர் மேல். போக்கிக்கொள்ள வழி கேட்பது உங்கள் சங்கடத்தை. அது கொஞ்ச நாள் இருக்கட்டும். உங்கள் ஆபீஸில் இப்போதைக்கு உண்மையை நினைவூட்டிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

ஆறுதல் வேண்டாம். "மனசுல வச்சுக்காதம்மா" என்று டீம் லீட் சொன்னால், புதிதாக வந்தவர் என்ன சொல்வார்? "பரவாயில்லை சார்" என்பார். வேறென்ன சொல்ல முடியும்? ஏற்கெனவே உங்கள் பழியைச் சுமப்பவர், உங்களைத் தேற்றும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் லேசான மனதோடு வீட்டுக்குப் போவீர்கள். அறையில் இருந்த மற்றவர்களுக்கு அவர் அப்போதும் 'டெஸ்டிங்கில் கோட்டை விட்டவர்'தான். எல்லோர் முன்னாலும் காட்டிய மவுனத்தை, அதே எல்லோர் முன்னாலும்தான் கலைக்க வேண்டும்.

ஆலன் மெக்டொனால்டு என்று ஒரு பொறியாளர் இருந்தார். 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறி ஏழு பேரைப் பலிகொண்ட சேலஞ்சர் விண்கலத்துக்கு பூஸ்டர் ராக்கெட் செய்து கொடுத்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்துக்காரர். கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று முந்தின இரவே அந்த நிறுவனப் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். மேலதிகாரிகள் அதை ஒதுக்கிவிட்டு ஏவச் சம்மதித்தபோது, மெக்டொனால்டு கையெழுத்துப் போட மறுத்தார். பிறகு விசாரணைக் குழுவின் மூடிய அமர்வு. நாசா அதிகாரி ஒருவர் இந்த எச்சரிக்கையை மழுப்பலாகச் சொல்லிக் கடந்துபோனார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்டொனால்டு கையைத் தூக்கினார்; நடந்ததைச் சொன்னார். அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. (அதற்குப் பரிசாக நிறுவனம் அவர் பொறுப்புகளைப் பிடுங்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, அந்த பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்கே அவர் தலைமை ஏற்றார்.) உங்கள் மீட்டிங்கில் உயிர்ப்பலி பற்றிய பேச்சில்லை. சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

அந்த வரியை இப்போதும் எழுதலாம். மீட்டிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் போடுங்கள்: ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு, அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். மேனேஜருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள், அனுமதி கேட்காதீர்கள். 'மேலே இருந்து அழுத்தம்' என்று பழியை அவர் பக்கம் தள்ளவும் வேண்டாம், நீங்களும் சேர்ந்துதானே குறைத்தீர்கள்! அவருக்குக் கோபம் வரலாம். மெக்டொனால்டுக்கு நடந்ததில் நூறில் ஒரு பங்கு உங்களுக்கும் நடக்கலாம். நடக்காது என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

உங்கள் மேனேஜர் கேட்ட கேள்வியும் மட்டமான கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஏற்பாட்டில் இருந்த ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அவர் பெயரே இல்லை. ஒரு கை தவறினால் இவ்வளவும் போகும்படி ஏன் வைத்திருந்தோம் என்பதைத்தான் அலசியிருந்தார்கள். கடைசியில் உதவியது, சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அதை எடுத்தவரும் அழித்த அதே பொறியாளர்தான். உங்கள் மீட்டிங்கில் "டெஸ்டிங்குக்கு எத்தனை நாள் கொடுத்தோம்?" என்று யாராவது கேட்டிருந்தால், எல்லோர் தலையும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

அந்தப் பெண் பழையபடி பேசுவாரா? அது அவர் இஷ்டம். மெயில் போன மறுநாளே சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்து அவர் மேஜைப் பக்கம் போய் நிற்காதீர்கள்.

ஒன்றை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். டீம் லீட் என்றால், அந்தப் பெண்ணின் அப்ரைசலில் முதல் மதிப்பெண் போடுவது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். அந்தப் படிவம் மேலே போவதற்குள் மெயில் போயாக வேண்டும்.