அம்மாவுக்கு ராத்திரியில் கை மரத்துப்போகிறது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். இது வேலையால் வந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாவிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: சுண்டு விரலும் மரக்கிறதா?

நான் திருப்பூரில் பதினோரு வருஷம் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) ஓட்டினவள். எனக்கு வந்தபோது வாயு என்று நினைத்து, தைலம் தேய்த்தே ஐந்து மாசத்தைக் கடத்தினேன். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் யாருடையதோ மாதிரி கிடக்கும். உதறினால் சரியாகிவிடும், திரும்பப் படுத்துவிடுவேன். பிறகு மெஷினின் லூப்பருக்கு நூல் கோக்கும்போது டிவீசர் (சின்ன இடுக்கி) கை நழுவி விழ ஆரம்பித்தது. "என்னக்கா, தூக்கமா?" என்று பக்கத்தில் உதவிக்கு நிற்கும் கைமடிப் பிள்ளை சிரிப்பாள்.

மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. ஓயாமல் கத்திரியை அழுத்தினால் உள்ளே வீங்கி நரம்பு நெரிபடும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது இன்னும் மோசம். அந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போவதில்லை, அதனால்தான் அந்தக் கேள்வி. சுண்டு விரலும் மரத்தால் முழங்கை, கழுத்துப் பக்கமும் பார்க்க வேண்டும்.

இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிஷம் மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சுருசுருவென்று வந்தால் டாக்டரிடம் போங்கள். வராவிட்டாலும், ராத்திரி மரப்பு தொடர்ந்தால் போய்த்தான் ஆக வேண்டும். சுகர், தைராய்டு இரண்டும் பார்த்துவிடுங்கள், அவற்றாலும் இது வரும். வேலைதான் காரணமா என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது தீபாவளி லீவு. கம்பெனி மூடியிருந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன். ஷிப்மெண்ட் அவசரம் என்று ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது.

ஆரம்பத்திலேயே பார்த்தால் ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை போட்டே பலருக்குக் குறையும். என் வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது, ஆபரேஷனுக்குப் பிறகும் நிரம்பவில்லை.

சொன்னால் வேலை போய்விடும் என்று அம்மா மறைப்பார், நானும் மறைத்தேன். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஒழுங்காக இருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் லீவுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

அப்புறம், அவர் கத்திரியை வாங்கிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் கம்பெனி தரும்வரை காத்திருக்காமல் நீங்களே புதுசு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.